என்-61: கொல்லாத நோய்க்கு ஒதுக்கிய ஒற்றைப் பெட்டி

தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவர் தரும் கணக்குச் சீட்டு எதை எடுத்தாலும், தொகைக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் அச்சாகியிருக்கும். மருந்துக்கடைச் சீட்டிலும் இருக்கும், ஸ்கேன் எடுத்த இடத்துச் சீட்டிலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பிலிருந்து எடுத்த குறியீடு அது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாழும் நம் குடும்பங்களில் தொகையைப் பார்ப்பவர்கள் எல்லோரும். குறியீட்டைப் பார்ப்பவர்கள் அரிது. மெடிக்கல் எய்ட், அதாவது மாதச் சந்தா கட்டிச் சேரும் தனியார் மருத்துவச் செலவுத் திட்டம், பணம் தர மறுக்கும்போதுதான் அந்த எழுத்தின் மேல் கண் விழுகிறது. மார்பு வீங்கி, வலித்து, சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்து பெருமூச்சு விட்ட பெண்ணின் சீட்டில் பெரும்பாலும் இருப்பது 'என்' என்ற எழுத்தும் 61 என்ற எண்ணும்.

என்-61 என்பது 'மார்பக அழற்சி நோய்கள்'. பாலூட்டாத பெண்ணுக்கு வரும் தொற்று, சீழ்க்கட்டி, முலைக்காம்பைச் சுற்றிய கட்டி, காரணமே தெரியாத அழற்சி எல்லாம் இதற்குள் அடக்கம். பக்கத்து வீடான என்-60இல் ஏழு உட்பிரிவுகள் இருக்கின்றன: தனி நீர்க்கட்டி, பரவிய நீர்க்கட்டிகள், பால்குழாய் விரிவு என்று. என்-64லும் அப்படித்தான். என்-61க்கோ புள்ளி இல்லை, புள்ளிக்குப் பின்னால் எண்ணும் இல்லை. மூன்று எழுத்திடங்களோடு முடிந்துவிடுகிறது. இரண்டு நாள் மாத்திரையில் அடங்கும் வீக்கமும், ஒன்றரை வருடம் ஆறாமல் துளைதுளையாகச் சீழ் வடியும் நோயும் அங்கே ஒன்றுதான்.

இந்தக் குறுகலுக்குக் காரணம் வகைப்பாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. ஐ.சி.டி.யின் மூதாதை, பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் முன்வைத்த பட்டியல். அது இறப்புக்கான காரணங்களின் பட்டியல். எந்த நோய் எத்தனை பேரைக் கொன்றது என்று நாடுகள் ஒரே முறையில் எண்ணுவதற்காக உண்டானது. உயிரோடிருக்கும் நோயாளிகளின் நோய்களும் முறையாக உள்ளே வந்தது 1948இன் ஆறாம் பதிப்பில்தான். அதற்குள் வீட்டின் சுவர்கள் எழுந்துவிட்டன. புற்றுநோய்க்குத் தனி அத்தியாயம். மார்பகப் புற்றுநோய்க்கு சி-50 என்ற எண்ணும், அதற்குள் முலைக்காம்பு, நடுப்பகுதி, மேல் உட்புறம், கீழ் வெளிப்புறம் என்று இடவாரியான பிரிவுகளும். மார்பக அழற்சியால் யாரும் அநேகமாகச் சாவதில்லை. ஆகவே அதற்கு ஒரு பெட்டி போதும் என்று விட்டுவிட்டார்கள். எண்ணிக்கைக்காக மட்டும் பயன்பட்ட வரைக்கும் அது யாரையும் உறுத்தவில்லை. அதே பெட்டியைப் பணம் பட்டுவாடாவுக்கான சாவியாக்கியபோதுதான் இடித்தது.

தென்னாப்பிரிக்காவில் அப்படி ஆனது 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துக்குப் பிறகு. சட்டத்தின் கீழுள்ள விதிகள், கோரிக்கைச் சீட்டில் நோய்க் குறியீடு இருக்க வேண்டும் என்றன. 2005 முதல் தனியார் துறையில் அது படிப்படியாகக் கட்டாயமானது. இன்று நாட்டில் மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் ஏறத்தாழ 90 லட்சம் பேர்; சுமார் ஆறு கோடிப் பேர் வாழும் நாட்டில் இது சிறுபான்மை. மற்றவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். சாட்ஸ்வொர்த் மக்களுக்கு அது ஆர்.கே. கான் மருத்துவமனை. அங்கே குறியீடு புள்ளிவிவரத்துக்கானது, நோயாளியின் பையைத் தொடுவதில்லை. ஆசிரியர், செவிலியர், காவலர், அரசு ஊழியர் என்று சம்பள வேலையில் இருக்கும் நம்மவர் பலர் மெடிக்கல் எய்ட் பக்கம் இருப்பதால் இந்த எழுத்துகளின் ஆட்சிக்குள் வருகிறார்கள்.

முதல் பிரிவுக்கோடு பாலூட்டல். கர்ப்ப காலத்திலோ, பிரசவத்துக்குப் பிறகோ, பாலூட்டும் காலத்திலோ மார்பில் தொற்று வந்தால் குறியீடு 'என்' அத்தியாயத்தில் கிடையாது. பிரசவ அத்தியாயத்தில் ஓ-91. முலைக்காம்பில் தொற்று என்றால் ஓ-91.0, சீழ்க்கட்டி என்றால் ஓ-91.1, சீழ் இல்லாத அழற்சி என்றால் ஓ-91.2. பிள்ளைக்கு ஒரு வயது ஆன பிறகும் தாய் பாலூட்டிக்கொண்டிருந்தால் ஓ-91தான் சரி. வரவேற்பு மேசையில் இருப்பவர் "அக்கா, பிள்ளைக்கு இன்னும் பால் கொடுக்கிறீர்களா?" என்று கேட்காமல் விட்டால், அல்லது கூச்சத்தில் அந்தப் பெண் பதில் சொல்லாமல் விட்டால், சீட்டு என்-61 என்று போய்ச் சேரும். சில திட்டங்களில் மகப்பேறுச் சலுகையிலிருந்து வரக்கூடிய பணம், உறுப்பினரின் சொந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அந்தச் சேமிப்பு அவர் கட்டிய சந்தாவின் ஒரு பகுதிதான். சட்டப்படி சந்தாவில் 25 சதவீதத்துக்கு மேல் அதில் ஒதுக்கக் கூடாது. ஆண்டு நடுவிலேயே அது தீர்ந்துபோவது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிற கதை.

குழந்தைக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. பிறந்த சில நாட்களில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் மார்பு வீங்கலாம். தாயின் ஹார்மோன்கள் செய்யும் வேலை அது. சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். அதற்குக் குறியீடு பி-83.4 (ஆங்கில P). தமிழ் வீடுகளில் அதைப் பிதுக்கிப் பாலெடுக்க வேண்டும் என்று சொல்லும் பாட்டிமார் இருந்தார்கள், இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். பிதுக்கினால் தோல் கீறிக் கிருமி புகும், சீழ் பிடிக்கும், குறியீடு பி-39.0 ஆகும். ஆயாவின் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்தக் கையை மட்டும் தடுத்துவிட வேண்டும்.

சிக்கலான பகுதி, நோய் இன்னதென்று தெரியாத நாட்கள். சிவந்து, தடித்து, சூடாக இருக்கும் மார்பகம் பெரும்பாலும் தொற்றுதான். ஆனால் அழற்சி வகைப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் அது 1 முதல் 5 சதவீதம் வரைதான். தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிவிழுந்து சிவந்திருக்கும், கட்டி கைக்குத் தட்டுப்படாமலே இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று கொடுத்தும் அடங்காத அழற்சிக்கு ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது அதனால்தான். திசுவின் முடிவு வரும்வரை என்ன குறியீடு போடுவது? சி-50 போடக் கூடாது. சந்தேகத்தை நோயாக எழுதக் கூடாது என்பது குறியீட்டாளர் கற்கும் முதல் பாடம். கட்டி மட்டும் தெரிந்தால் என்-63, கூடவே புற்றுநோய்ச் சந்தேகத்துக்கான கண்காணிப்பு என்று இசட்-03.1 என எழுதலாம்.

நடைமுறையில் இந்த இடத்தில் டி-48.6 (ஆங்கில D) என்ற குறியீட்டைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 'தன்மை உறுதியாகாத மார்பகக் கட்டி' என்று அதன் பெயர் சொல்வதால், இன்னும் முடிவு வரவில்லை என்பதற்கு அது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். பொருந்தாது. நுண்ணோக்கியில் பார்த்த பிறகும் இது தீங்கற்றதா, தீயதா என்று நோய்க்குறியியல் நிபுணரே பிரிக்க முடியாத கட்டிக்கு உரியது அது. அறிக்கை வருமுன் அதை எழுதுவது பதிவேட்டில் ஒரு கட்டியை நட்டு வைப்பதற்குச் சமம். பின்னாளில் ஆயுள் காப்பீடோ தீவிர நோய்க் காப்பீடோ எடுக்கப் போகும்போது, வந்து போன ஒரு வீக்கத்துக்காக அந்தப் பெண் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. மெடிக்கல் எய்ட் கட்டாயம் முழுமையாக ஏற்க வேண்டிய குறைந்தபட்சச் சலுகைகள் என்று சட்டம் சுமார் 270 நோய்–சிகிச்சை இணைகளை வகுத்திருக்கிறது. இங்கே பேச்சில் பி.எம்.பி. என்பார்கள். குணப்படுத்தக்கூடிய மார்பகப் புற்றுநோய் அதில் உண்டு. நோயைக் கண்டறியும் செலவும் அந்தச் சலுகைக்குள் வரும். அதாவது மேமோகிராம், அல்ட்ராசவுண்டு, திசுச் சோதனை எல்லாம் செய்து முடிவில் புற்றுநோய் என்று வந்தால், அந்தச் சோதனைகளின் செலவையும் பி.எம்.பி.யாகக் கேட்கலாம். முடிவில் அழற்சி என்று வந்தால்? அதே ஊசி, அதே ஸ்கேன், அதே பயம். பணம் சேமிப்புக் கணக்கிலிருந்தோ கையிலிருந்தோ போகும். நல்ல செய்தி கேட்டதற்கு அபராதம் கட்டுவது மாதிரி இருக்கிறது என்று யாராவது கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஒரே நோய்க்கு நான்கு சீட்டு, நான்கு குறியீடு என்பதும் வழக்கமான குழப்பம். குடும்ப மருத்துவர் என்-61 என்று எழுதுகிறார். ஸ்கேன் எடுத்தவருக்கு வந்த பரிந்துரைத் தாளில் குறியீடு இல்லாததால் அவர் 'கதிரியக்கப் பரிசோதனை' என்று பொருள்படும் இசட்-01.6 போடுகிறார். ஆய்வகம் அதே காரணத்தால் இசட்-01.7. மருந்துக்கடைக்காரர், சூழல் தெரியாதபோது போடும் இசட்-76.9. மெடிக்கல் எய்ட் கணினிக்கு இந்த நான்கும் ஒரே மார்பகத்தைப் பற்றியவை என்று தெரியாது. பரிந்துரைத் தாளில் மருத்துவரே குறியீட்டை எழுதித் தந்துவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

என்-61க்குள் மிகவும் அவதிப்படுபவர்கள் கிரானுலோமா (எதிர்ப்பு அணுக்கள் திரண்டு உண்டாகும் சிறு முடிச்சு) வகை மார்பக அழற்சி உள்ள பெண்கள். கெஸ்லர், வொல்லோக் என்ற இருவர் 1972இல் இதைத் தனி நோயாக விவரித்தபோதே, இது பார்வைக்குப் புற்றுநோயைப் போலவே இருக்கும் என்று குறிப்பிட்டார்கள். பெரும்பாலும் பிள்ளை பெற்று சில ஆண்டுகளுக்குள் இருக்கும் பெண்களுக்கு வருகிறது. கெட்டியான கட்டி, தோலுக்கு வழி தேடும் சீழ், ஆறியது போலத் தோன்றி மீண்டும் திறக்கும் புண். காரணம் இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. கொழுப்பில் வாழ விரும்பும் ஒரு வகைக் கோரினிபாக்டீரியம் என்ற கிருமி சிலரிடம் காணப்படுகிறது. வழக்கமான ஆய்வகச் சோதனையில் அது எளிதில் வளராது என்பதால் தவறவிடப்படுவதும் உண்டு. வெட்டி எடுத்தால் தீரும் என்று எண்ணி அறுவை செய்தால் ஆறாத காயம் மிஞ்சலாம். அதனால் பல மருத்துவர்கள் பொறுத்திருந்து பார்க்கிறார்கள், அல்லது ஸ்டீராய்டு தருகிறார்கள், அது போதாதபோது உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சேர்க்கிறார்கள். மாதக்கணக்கில் போகும் சிகிச்சை இது.

மாதக்கணக்கான மருந்து என்றால் மெடிக்கல் எய்டில் நாள்பட்ட நோய்ச் சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தின் வாசற்படியில் நிற்பதும் குறியீடுதான். சட்டம் வகுத்த நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ஆஸ்துமா உண்டு, நீரிழிவு உண்டு, முடக்குவாதம் உண்டு, என்-61 இல்லை. மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து. ஆகவே சீட்டில் முடக்குவாதக் குறியீடான எம்-06.9 என்று எழுதிவிட்டால் மருந்து சுலபமாகக் கிடைத்துவிடும் என்ற யோசனை யாருக்காவது எழும். பரிவினால் எழும் யோசனையாகவே இருக்கலாம். ஆனால் இல்லாத நோயைச் சொல்லிப் பணம் வாங்குவது மோசடி. அதைவிடப் பெரிய கேடு, இனி அந்தப் பெண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் அவருக்கு மூட்டு நோய் இருப்பதாக நினைப்பார். நேர்வழி கொஞ்சம் நீளமானது: நோய்க்குறியியல் அறிக்கையை இணைத்து மருத்துவர் 'மோட்டிவேஷன்' கடிதம் எழுத வேண்டும். குறியீடு சொல்லாமல் விட்டதை அந்தக் கடிதம் சொல்ல வேண்டும்: எத்தனை மாதமாக நோய், என்ன மருந்து கொடுத்துப் பலிக்கவில்லை, அறுவை ஏன் கூடாது. இரண்டு வரியில் எழுதிய கடிதம் திரும்பி வரும். தேதிகளும் மருந்தளவும் போட்டு எழுதியதற்கு மதிப்பிருக்கும்.

இந்த நாட்டில் காசநோயை இதிலிருந்து பிரித்துக் காட்டுவது தலையாய வேலை. காசநோய் மார்பகத்திலும் வரும். நுண்ணோக்கியில் அதுவும் கிரானுலோமாவாகவே தெரியும். அதற்குக் குறியீடு ஏ-18.8, சிகிச்சை வேறு, அரசு கிளினிக்கில் இலவசம். காசநோயைக் கவனிக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவ வழிவிட்டதாகும். காசநோய்ச் சுமை மிகுந்த நாடு இது, எச்.ஐ.வி.யும் சேர்ந்தே இருக்கிறது. 2011 முதல் இங்கே பரவலாக்கப்பட்ட, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையைத் திசுவிலும் செய்து பார்க்கலாம். ஆக, என்-61 என்ற முடிவுக்கு வருவதே ஒரு நீண்ட விலக்கல் கணக்கு. சீட்டில் அந்த உழைப்பின் தடயம் ஒன்றும் இருக்காது.

அமெரிக்கர்கள் இந்தப் பெட்டியைத் தங்களுக்காகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய திருத்திய பதிப்பில் சீழ்க்கட்டி இல்லாத அழற்சிக்கு என்-61.0, சீழ்க்கட்டிக்கு என்-61.1, கிரானுலோமா வகைக்கு என்-61.2, கடைசியது 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது, வலது மார்பகமென்றால் என்-61.21, இடதென்றால் என்-61.22, இரண்டுமென்றால் என்-61.23 என்று பக்கம் பிரித்து. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த அமெரிக்க எண்கள்தான். தென்னாப்பிரிக்காவோ உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பையே பின்பற்றுகிறது. செல்லும் குறியீடுகளெல்லாம் ஒரு பொது அட்டவணையில் இருக்கின்றன, அதில் என்-61 மட்டுமே உண்டு. யாராவது நுட்பமாக எழுதுவதாக நினைத்து என்-61.1 என்று அடித்தால், செல்லாத குறியீடு என்று கணினி திருப்பிவிடும். அதிகமாகச் சொன்னதால் தள்ளுபடியாகும் விநோதம்! இடது, வலது என்று சொல்ல இங்கே வழியில்லாததால், மார்ச்சில் இடது பக்கச் சீழையும் ஏப்ரலில் வலது பக்கச் சீழையும் எடுத்தால் ஒரே வேலைக்கு இருமுறை பணம் கேட்டது போலத் தெரியவும் வாய்ப்புண்டு. மருத்துவர் கணக்கில் பக்கத்தைத் தனியாக எழுதிவிடுவது நல்லது.

2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பு இதைக் கொஞ்சம் சீராக்குகிறது. மார்பக அழற்சி அங்கே ஜி.பி.-21. பக்கம், தீவிரம் போன்றவற்றுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. மூலக் குறியீட்டோடு அவற்றைக் கோத்து எழுதலாம். நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவருகின்றன. ஒவ்வொரு மருத்துவர் அறையின் மென்பொருளும் மெடிக்கல் எய்டுகளின் விதிகளும் மாற வேண்டும் என்பதால் ஓரிரவில் நடக்கும் காரியமல்ல.

குறியீடு போகும் திசை பற்றியும் ஒரு வார்த்தை. சீட்டின் நகல் பெரும்பாலும் முதன்மை உறுப்பினருக்குப் போகும். அப்பாவின் மெடிக்கல் எய்டில் இருக்கும் மகளின் மார்பகக் குறியீடு அப்பாவின் மின்னஞ்சலில் வந்து இறங்கும். நம் வீடுகளில் இதற்காகவே மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடும் இளம்பெண்கள் உண்டு. நோயாளி விவரம் வெளியிட மறுத்தார் என்பதற்கு யூ-98.0 என்ற குறியீட்டைத் தென்னாப்பிரிக்கா வைத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தினால் மெடிக்கல் எய்ட் பணம் தராமல் போகலாம். அந்தத் தொகையைக் கையிலிருந்து கொடுக்க முடிந்தவருக்குத்தான் அந்தரங்கம் என்ற நிலை எனக்கு உவப்பாக இல்லை.

குறியீடு தவறென்று தெரிந்தால் மெடிக்கல் எய்டைத் திட்டிப் பயனில்லை, அதை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. எழுதிய மருத்துவர்தான் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். சீட்டில் பிழை இருந்தால், அது வந்த 30 நாட்களுக்குள் மெடிக்கல் எய்ட் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், திருத்தி அனுப்ப 60 நாள் அவகாசம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. முதல் கோரிக்கையே சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பிறகு நான்காம் மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். திருத்திய பிறகும் மறுப்பு வந்தால் மெடிக்கல் எய்டிடமே முதலில் எழுத்தில் முறையிட வேண்டும்; அதுவும் பலிக்காதபோது, மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் அமைப்பான, செஞ்சூரியனில் இருக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸிடம் புகார் தரலாம். கட்டணம் இல்லை. புகாருக்குப் பதிலளிக்க மெடிக்கல் எய்டுக்கு 30 நாள் தருவார்கள். புகாரோடு நோய்க்குறியியல் அறிக்கையின் நகலையும் மறுப்புக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கணக்குச் சீட்டு மட்டும் போதாது.